நோவு வராத கோழி

உப்புத் தண்ணீர் வைரஸைத் தடுக்காது. இதைத் தெரிந்துகொள்ள டாக்டர் பட்டம் தேவையில்லை. ஆனால் 1972 ஆடி மாதம், ஆவடிச் சாலையில் இருந்த எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் தடுத்துவிட்டது.

பட்டம் வாங்கிய பிறகு ஆய்வுக்கென்று அங்கே அமர்ந்தவன் நான். மாணவனும் இல்லை, உத்தியோகஸ்தனும் இல்லை. நிச்சயம் ஆகித் தாலி ஏறாத நிலை. டெல்லியில் குழு கூடி உதவித்தொகையை நீட்டினால் உண்டு. இல்லாவிட்டால் கரையான்சாவடியில் அப்பாவின் மிளகாய் மண்டி. குழு கூட ஐந்து வாரம் இருந்தது.

மண்டியில் யாராவது கேட்டால் என் வேலையை இப்படித்தான் விளக்குவேன். தராசு முத்திரை பார்க்கும் இன்ஸ்பெக்டர் தெருவில் நுழைகிறார். முதல் கடைக்காரன் மாட்டிக்கொள்வான். மாட்டுவதற்குள் பக்கத்துக் கடைக்குச் சாடை காட்டிவிடுவான். அரை நிமிடத்தில் தெரு முழுக்கப் படிக்கல் மாறிவிடும். வந்தவர் பெயர் என்ன, எந்த ஆபீஸ் என்று யாரும் விசாரிப்பதில்லை. வைரஸ் புகுந்த செல்லும் அப்படி ஒரு சாடையை வெளியே விடுகிறது. அதற்கு இண்டர்ஃபெரான் என்று பெயர். பிறவியிலேயே உள்ள தற்காப்பு.

சோதனை எளிது. கருவுள்ள நாட்டுக்கோழி முட்டைகளைப் பத்து நாள் சூட்டுப்பெட்டியில் வைப்பேன். பாதி முட்டைக்குச் செத்த வைரஸை ஊசியில் ஏற்றுவேன். சாடையைக் கிளப்ப அது போதும். மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். மறுநாள் எல்லாவற்றுக்கும் உயிருள்ள வைரஸ், கோழிகளை வெள்ளைக் கழிச்சலில் சாய்க்கிற அதே வைரஸ். இரண்டு நாள் கழித்து முட்டை நீரைக் கோழி ரத்தத்தோடு சிறு குழிகளில் கலந்து வைத்தால், வைரஸ் இருக்கும் குழியில் ரத்தம் பாய் விரித்ததுபோல் படரும். இல்லாத குழியில் குங்குமப் பொட்டாக அடியில் இறங்கும்.

எல்லாக் குழியிலும் பொட்டு. உப்புத் தண்ணீர் முட்டையிலும் பொட்டு.

எங்கள் பிரிவின் தலைவர் ரகுநாதன் அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். நாட்டுக்கோழி முட்டை தூண்டாமலே தன்னைக் காத்துக்கொள்கிறது, இதை உலகத்தில் எவனும் சொன்னதில்லை என்று டெல்லிக்கு அனுப்பத் தலைப்பே எழுதிவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது. சொன்ன விலைக்குப் பேசாமல் ஒருவன் சரக்கைக் கொடுத்துவிட்டால் மூட்டையின் அடியைக் குத்திப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

குத்திப் பார்த்தேன். அதே கூடையில் ஊசி போடாமல் மீந்த முட்டைகளின் கருவை எடுத்து, நறுக்கி, நன்றாகக் கழுவி, செல்களை மட்டும் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து அதே வைரஸை விட்டேன். மூன்றே நாளில் தின்று தீர்த்துவிட்டது. பிறவிக் குணம் கழுவினால் போகுமா? முட்டைக்குள் வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

முட்டை கொடுத்தவர் பாரிவாக்கத்துப் பொன்னியம்மா. நாற்பது கோழி வளர்ப்பவர், பேச்சில் நாலு தரகரை உட்கார வைப்பவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எந்தக் கோழிகளின் முட்டை என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா நைனா, சந்தேகப்பட்டுகினு வந்துகீறே? நோவு வராத கோழி முட்டைதான் வேணும்னு நீதானே சொன்னே? போன ஐப்பசி கயிச்சல்ல ஊர்ல பாதி கோயி காலி. நோவுல படுத்து எயுந்தது என்கிட்ட ஏழு பெட்டைங்க. இனிமே அதுங்கள எமன் வந்தாலும் தொட முடியாது. அதுங்க முட்டைய ஊட்டுக்குக்கூட வச்சுக்காம உனுக்குத்தான் குடுத்துகினு கீறேன்."

நான் சொன்ன 'வராத', இதுவரை வந்ததே இல்லாத. அவர் காதில் விழுந்த 'வராத', இனிமேல் வரவே வராத. இரண்டும் குறையில்லாத தமிழ். ஒருமுறை மாட்டிய கடைக்காரன் அந்த இன்ஸ்பெக்டரின் முகத்தை மறப்பதில்லை. அந்த ஏழு தாய்க்கோழிகளும் அந்த முகத்தை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் சொல்லி அனுப்பியிருந்தன. அது இண்டர்ஃபெரான் இல்லை. ஒரு நோயை மட்டும் தெரிந்து வைத்திருக்கிற எதிர்ப்பொருள். பாடப் புத்தகத்தில் எப்போதோ ஏறிவிட்ட விஷயம்.

கழிச்சல் ஓய்ந்த பிறகு பொரித்து, இப்போதுதான் முட்டைக்கு வந்திருக்கும் பெட்டைகளின் முட்டை வேண்டும் என்றேன். நோவின் வாசனையே தெரியாத அதுகள் அடுத்த கழிச்சலில் முதலில் போகும், அந்த முட்டை எதற்கு என்று பொன்னியம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே விலையை ஏற்றினார். யாரும் சீந்தாத சரக்கை ஒருவன் தேடி வந்து கேட்டால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஏற்றாமல் இருப்பேனா? கேட்டதைக் கொடுத்தேன்.

ரகுநாதனிடம் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றீரா? இதை எடுத்துட்டா டெல்லிக்கு அனுப்ப உம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

"மூணு வாரம் குடுங்க சார். புது முட்டையில உப்புத் தண்ணிக்கும் பொட்டு விழுந்தா தலைப்பு உங்களுது. படர்ந்துட்டா என்னுது."

"படர்ந்து, செத்த வைரஸ் போட்டதும் படர்ந்துட்டா?"

"மண்டிக்குப் போறேன் சார்."

அவர் தலைப்பு எழுதிய தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை. அவரும் விவரமானவர்தான்.

பதினான்காம் நாள் இருவரும் சேர்ந்தே குழிகளைப் பார்த்தோம். உப்புத் தண்ணீர் போட்ட பன்னிரண்டு முட்டையிலும் ரத்தம் அழகாகப் படர்ந்திருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் வைரஸைப் பார்த்ததில்லை. செத்த வைரஸ் போட்ட பன்னிரண்டில் ஒன்பது பொட்டு, மூன்று படர்வு. அந்த ஒன்பதும் யாருடைய ஞாபகமும் இல்லாமல் முட்டை தானே கிளப்பிக்கொண்ட தற்காப்பு. செத்த வைரஸ் மட்டும் போட்ட வேறு சில முட்டைகளின் செல்களை முன்போலக் கழுவியும் பார்த்தேன். போகவில்லை.

ரகுநாதன் இரண்டு முறை எண்ணினார். பிறகு இழுப்பறையைத் திறந்து பழைய தாளைக் கிழித்துவிட்டு, மூன்று முட்டை ஏன் தவறியது என்று டெல்லியில் குடைவார்களே என்றார். குடையட்டும், அதைக் கண்டுபிடிக்கத்தானே நீட்டிப்புக் கேட்கிறோம் என்றேன்.

டெல்லியில் அதைத்தான் குடைந்தார்கள், நானும் அதையேதான் சொன்னேன். புரட்டாசியில் கடிதம் வந்தது: ஓராண்டு நீட்டிப்பு. இரண்டு கேட்டதற்கு ஒன்றுதானா என்று ரகுநாதன் அலுத்துக்கொண்டார். ஒன்று வேண்டும் என்பதால்தான் இரண்டு கேட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.