முடியாத செபமாலை

செபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாவது தேவ இரகசியத்தின் ஆறாவது மணியில் என் மாமியார் அந்தோனியம்மா நிறுத்திவிடுவார். ஏழாவது மணிக்குப் போகவே மாட்டார். கையிலுள்ள செபமாலையை ஒரு தரம் உற்றுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், பிறகு சொல்வார்:

"கணக்கு தப்பிருச்சு புள்ள. மொதல்லேருந்து சொல்லுவோம்."

ஒரு நாளா, இரண்டு நாளா? எட்டு மாதம். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்து, மழையிலும் பனியிலும் மலையேறித் தேயிலைக் கொழுந்து பறித்து, நிறுக்கிற இடத்தில் கணக்குப்பிள்ளையோடு மல்லுக்கட்டி, லயத்து வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு முழங்காலில் நிற்கிறவளுக்கு ஐம்பத்து மூன்று மணியே அதிகம். அதை இரண்டு தரம் சொல்லவைத்து, மூன்றாம் தரமும் ஆரம்பி என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ரொட்டி சுடவேண்டும் என்று சாக்குச் சொல்லி நான் எழுந்துவிடுவேன். இப்படியே எட்டு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு செபமாலைகூட முழுதாக முடிந்ததில்லை.

"என்னா கேத்ரின், ஒங்க சாமி இன்னும் ஒங்கள விடலயா?" என்று பக்கத்துக் காம்பிரா வீரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். அவளுக்கென்ன? மாரியம்மன் படத்துக்குச் சூடம் காட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

என் வீட்டுக்காரர் போன கார்த்திகையில் குளவி கொட்டி இறந்தார். மருந்தடிக்கப் போன மலையில் கூடு கலைந்துவிட்டது. லொறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அடக்கம் முடிந்த மறுவாரம்தான் மாமியாருக்கு இந்தக் கணக்குத் தப்புகிற வியாதி வந்தது. வயதும் அதிர்ச்சியும் சேர்ந்த மறதி என்றார் டாக்டர். ஆனால் நான் எத்தனை கரண்டி சீனி போட்டேன் என்பது மட்டும் அவருக்கு மறக்காது. என் மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். ஆகவே இந்தக் கூத்தெல்லாம் என் ஒருத்தி தலையில்தான்.

பொறுமை, பொறுமை என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். மாதம் ஒருமுறை தோட்டத்துக் கோயிலுக்குப் பூசை வைக்க வரும் சுவாமியார், "துன்பத்துலதான் கேத்ரின் விசுவாசம் வளரும்" என்பார். சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். ஒரே ஒரு நாள் அவர் இங்கே வந்து என்னோடு முழங்காலில் நின்று பார்க்கட்டும், எது வளர்கிறதென்று தெரியும். எனக்கு முழங்காலில் காய்ப்புத்தான் வளர்ந்தது.

கடைசியில் ஹட்டனில் இருக்கும் நாத்தனார் ஜீவராணிதான் வழி கண்டுபிடித்தாள். சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லமொன்றில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாமியாரிடம் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை அவருடைய துணிமணிகளைப் பையில் அடுக்கி முடித்தேன். வெளியே மழை விடாமல் கொட்டியது. மாமியார் வழக்கம்போல மாதா சொரூபத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டு, செபமாலையை எடுத்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு வீம்பு வந்தது. இன்றைக்காவது முழுதாகச் சொல்லித்தான் இவரை அனுப்புவது.

செபமாலை முடிந்த பிறகு, குடும்பத்தில் மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர்களுடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். எட்டு மாதமாக அந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேரவேயில்லை. சரி, இன்றைக்கு அதிலிருந்தே ஆரம்பித்தால் என்ன?

"மாமி, மரிச்சவங்க செபத்த மொதல்ல முடிச்சிருவோம். பொறகு ஒங்க கணக்கு எத்தன தரம் வேணும்னாலும் தப்பட்டும்."

பதிலுக்குக் காத்திராமல் தொடங்கினேன். மாமனார் மரியநாயகம் பெயரைச் சொன்னேன். மாமியாரின் அக்கா சலேத்தம்மா பெயரைச் சொன்னேன். அதற்குள் மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அங்கயே நிறுத்து."

"ஏன் மாமி?"

"அடுத்தாப்புல அவன் பேரு வரும்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"எனக்குக் கணக்குத் தப்பல புள்ள. ஒரு நாளும் தப்பல. அஞ்சாவத முடிச்சா செத்தவங்களோட சேத்து எம் மகன் பேரையும் சொல்லணும். எனக்கு வாய் வரல. அதான் முடிக்கல."

இரக்கம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வந்தது கோபம்.

"எட்டு மாசமா என்ன முட்டியில நிக்கவச்சு ஏமாத்துனீங்களா? ஒங்களால முடியலன்னா என்னயச் சொல்லச் சொல்லியிருக்கலாமுல்ல? நான் சொல்லிட்டுப் போறேன்!"

"சரி, நீ சொல்லு" என்றார்.

வாயைத் திறந்தேன். வரவில்லை.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரருடைய பெயரை நான் ஒரு தரமும் சொன்னதில்லை. என் வயதுப் பெண்கள் இங்கே புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கூப்பிடுவதென்றால் "இந்தாங்க". மற்றவர்களிடம் சொல்வதென்றால் "மக அப்பா". மரண விசாரணையில்கூட வீரம்மாதான் எனக்குப் பதிலாகப் பெயரைச் சொன்னாள். அப்படி ஒளித்துவைத்த பெயரை முதன்முதலாக நான் சொல்ல வேண்டியது இந்த வரிசையிலா? மரியநாயகத்துக்கும் சலேத்தம்மாவுக்கும் அடுத்தபடியாகவா? நான் தினமும் மூன்றாம் தரத்தில் எழுந்து ஓடினேனே, அது ரொட்டிக்காக மட்டும்தானா என்று அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது.

போன் அடித்தது. ஜீவராணி.

"அண்ணி, பையெல்லாம் கட்டியாச்சா? காலையில மொத பஸ்ஸ விட்டுறாதீங்க."

"நாங்க வரல ஜீவராணி."

"என்னா அண்ணி, வெளையாடுறீங்களா? எத்தன பேரக் கெஞ்சி வாங்குன எடம் தெரியுமா?"

"தெரியும். சிஸ்டர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. இங்க செபம் இன்னும் முடியல."

"நாளைக்கு மறுபடி எனக்குத்தான் அழுதுக்கிட்டு போன் எடுப்பீங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். எடுப்பேன்தான். நாளைக்கும் எனக்கு இந்தக் கிழவியோடு கோபம் வரும், நாளை மறுநாளும் வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பி வந்து முழங்காலிட்டேன். மாமியார் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். இன்னொரு தரம் செருமினேன். அழுகைதான் வந்தது. நேரம் போய்க்கொண்டேயிருந்தது, அடுப்புக்கூடப் பற்றவைக்கவில்லை. அவருக்கு எழுபத்து நாலு வயது, என் முழங்காலைவிட அவருடையது மோசம்.

"அவசரமில்ல புள்ள. நான் இருக்கேன்" என்றார்.

பொறுமையாயிரு என்று சொன்னவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்காகப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் இவர் ஒருவர்தான். ஆண்டவரே, இதை எனக்குக் காட்டுவதற்கு எட்டு மாதமா எடுத்தீர் என்று மனதுக்குள் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன்.

"றொனால்ட்" என்றேன்.

கூப்பிட்டது போலத்தான் இருந்தது. மாமியார் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு இருவருமாக அந்தச் செபத்தைச் சொல்லி முடித்தோம்.