நவநீதகிருஷ்ணன் கண்டெடுத்த கல்தடம்

கிட்ட வாங்க சாமி, இன்னும் கொஞ்சம் கிட்ட. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். நல்ல தார் ரோட்டை விட்டுவிட்டுக் கல்லையும் முள்ளையும் தேடிப் போன ஒரு மனிதரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நவநீதகிருஷ்ணன் என்று ஒருவர். அப்பா காலத்தில் தறி, இவர் காலத்தில் சேலை மொத்த வியாபாரம். ஐம்பது வயதில் டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். அவர் நடக்காமல் கிராவல் சைக்கிள் என்று ஒன்றை வாங்கி வந்தார். ஒரு புல்லட் வண்டியின் விலை. அதில் மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது.

"இத்தனை காசு வாங்கிட்டு ஒரு பெல்லு கூடத் தரலியா?" என்று கேட்டாள் மனைவி ரஞ்சனி.

"அதெல்லாம் வெயிட்டு. வண்டி லேசா இருக்கணும்."

ரஞ்சனி அவருடைய தொந்தியை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்தச் சைக்கிளுக்குத் தார் ரோடு ஆகாது. ஜல்லி, செம்மண், காட்டுத்தடம், இவைதான் அதற்கு ஆகாரம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரு டாக்டர், ஓர் ஆடிட்டர், இரண்டு நகைக்கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, ஆடு மேய்ப்பவர்களே தவிர்க்கிற வழிகளாகப் பார்த்துப் போகும். திரும்பி வந்து முழங்கால் சிராய்ப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும்.

ஒருநாள் கோயமுத்தூரிலிருந்து அன்பரசு என்பவர் வந்திருந்தார். அந்த ஊர்ச் சைக்கிள் குழுவுக்குத் தலைவர். "உங்கூர்ல பைபாஸை உட்டா என்னங்க இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நவநீதகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. "ஒரு மாசம் டைம் குடுங்க. ஒரு சொட்டுத் தார் இல்லாத கல்தடம், மூணு கிலோமீட்டர் காட்டறேன். இல்லைன்னா சைக்கிளை வித்துடறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்தவள் ரஞ்சனி ஒருத்திதான்.

அன்று தொடங்கியது தேடல். கஞ்சமலை அடிவாரத்துக் காட்டோரமாகப் போனார், இளம்பிள்ளைக்கு வெளியே கரட்டைச் சுற்றினார். கடைசியில் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் காரைக்காட்டுப்புதூர் என்ற சின்ன ஊருக்குப் போகும் தடத்தில் திரும்பியதும் அப்படியே இறங்கி நின்றுவிட்டார். மூன்று கிலோமீட்டரும் கல். முட்டை அளவு, தேங்காய் அளவு, அம்மிக்குழவி அளவு. நடுநடுவே ஆள் உட்காரும் குழி. 'சாலைப் பணி நடைபெறுகிறது' என்ற பலகை துருப்பிடித்து நின்றது. அந்தப் பணி தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. கல்லைக் கொட்டிய காண்ட்ராக்டர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நவநீதகிருஷ்ணன் குழிக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். கற்களைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

சோளக்காட்டிலிருந்து சென்னியம்மாள் என்கிற பெண்மணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவரிடம் எடுத்த எடுப்பில் யார், எதற்கு என்று கேட்பது அவர்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. முதலில் சொம்பில் மோர் வரும். குடித்து முடித்த பிறகுதான் பேச்சு.

"ரோட்டைப் பாக்கத்தானுங்க வந்தீங்க?"

"ஆமாங்க. ரோட்டைப் பாக்கத்தான்."

"எப்படிங்க இருக்குது?"

"அருமையா இருக்குதுங்க. இந்த மாதிரி ரோடு நான் எங்கயுமே பார்த்ததில்லை."

சென்னியம்மாளுக்கு மனம் நிறைந்துபோனது. நம் வயிற்றெரிச்சலை இத்தனை நாளில் ஒரு ஆபீசராவது புரிந்துகொண்டு குத்தலாகப் பேசுகிறாரே என்று நினைத்தாள்.

"எம்மருமவ தனப்பிரியாளுக்கு எட்டாம் மாசமுங்க. இந்தக் கல்லுல ஆம்புலன்சு வாரதில்லைங்க."

அவர் காதில் அது பாதிதான் விழுந்தது. கண் கற்களின் மேலேயே இருந்தது. "ஒரு கல்லைக்கூட எடுத்துறாதீங்க. எல்லாம் அப்படியே இருக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை இருபது பேரைக் கூட்டிக்கிட்டு வரேன். கோயமுத்தூர்லிருந்தும் ஆளுங்க வராங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் செய்தி மல்லசமுத்திரம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. காண்ட்ராக்டர் அங்கேதான் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

"ஆபீசரு எந்தக் காருல வந்தாரு?" என்று விசாரித்தார்.

"காரு இல்லைங்க, சைக்கிளுங்க."

போண்டா பாதியில் நின்றது. ஜீப்பில் வருகிற ஆபீசரை அவருக்குத் தெரியும். உட்கார வைத்துப் பேசினால் வழிக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில், சொந்தச் சைக்கிளில், குழிக்குள் கையை விட்டுப் பார்க்கிறவரிடம் என்ன பேசுவது? மறுநாள் காலையில் ரோடு ரோலர் வந்துவிட்டது.

சொன்னபடி ஞாயிறு வந்தது. இருபது சைக்கிள். கஞ்சமலை ஓரத்தில் மயில் கண்டார்கள், வேலமுள்ளில் இரண்டு டயர் போயிற்று, ஒரு நாய் ஆடிட்டரை அரை மைல் துரத்தியது. எல்லாருக்கும் பரம திருப்தி. "அசல் சரக்கு இனிமேதாங்க இருக்குது" என்று நவநீதகிருஷ்ணன் முன்னால் போய்க் காரைக்காட்டுப்புதூர்த் தடத்தில் திரும்பினார்.

திரும்பியவர் பிரேக்கைப் பிடித்தார். எதிரே கன்னங்கரேலென்று தார் ரோடு, ஓரத்தில் வெள்ளைக் கோடு.

அன்பரசு இறங்கி ரோட்டைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் சூடு ஆறலைங்களே. இதுல எங்க பாட்டியைக் கூட்டியாந்தாக்கூட அவங்க ஸ்கேட்டிங் போவாங்க."

ஊர் எல்லையில் மேளம் அடித்தது. சென்னியம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பந்தலில் இருபது பேருக்கும் வாழையிலை போட்டு, இடியாப்பம் போலப் பிழிந்த சந்தவையும் தேங்காய்ப்பாலும் காத்திருந்தன. காண்ட்ராக்டர் கையில் மாலையோடு முன்னால் வந்தார்.

"சாருக்குத் திருப்திங்களா?"

நவநீதகிருஷ்ணன் மாலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் கண் பந்தலைத் தாண்டிப் போயிருந்தது. ஊருக்குள் போகும் கடைசி அரைக் கிலோமீட்டருக்குத் தார் இல்லை. கல் கல்லாகவே கிடந்தது.

அன்பரசும் பார்த்துவிட்டார். காதோரம் குனிந்து, "உடுங்க, இந்த அரையாவது இருக்குதே. உங்க வார்த்தைக்கு இதையே வெச்சுக்கலாம். நாங்க மேப்புல போட்டுடறோம். சைக்கிளை விக்க வேண்டாம்" என்றார். மனிதர் பரிகாசக்காரர்தான், கெட்டவர் இல்லை.

நவநீதகிருஷ்ணன் வாயைத் திறக்கப் போனார். அப்போது அந்தக் கல்லின் மேல் ஒரு கர்ப்பிணிப் பெண், ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் பாயசத் தூக்கையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து வருவதைப் பார்த்தார். பாதி காதில் விழுந்திருந்த பேச்சு அப்போதுதான் முழுதாக விழுந்தது.

அவர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். நேரே போய் ஒரு குழிக்கு முன்னால் உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். அந்த ரோட்டிலேயே அழகான கற்கள் அங்கேதான் இருந்தன. நெஞ்சு வலிக்க அவற்றை ஒரு படம் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இது என்னங்க?" என்றார் காண்ட்ராக்டரிடம்.

"தார் பத்தலைங்க சார். புதன்கிழமைக்குள்ள முடிச்சுடறேனுங்க சார்."

"வியாழக்கிழமை வருவேன்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். ஆபீசர் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அன்பரசு தலையில் அடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். சந்தவை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை நவநீதகிருஷ்ணன் போனார். தார் போட்டிருந்தார்கள். கடைசிக் கல்லும் போயிற்று, சைக்கிளும் போக வேண்டியதுதான். ஆடிட்டரிடம் விலை பேசிவிட்டு, சனிக்கிழமை காலை அதைத் துடைத்து வாசலில் நிறுத்தினார்.

அப்போது நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் விசாரித்தபடி வந்தார்கள். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஏதோ ஊர்; காரைக்காட்டுப்புதூர் ரோட்டுச் சேதி அங்கேயும் போயிருந்தது. கையில் ஒரு கட்டு வெற்றிலை.

"ஏனுங்கம்மா, சைக்கிள் ஆபீசர் ஊடு இதுதானுங்களா?"

நவநீதகிருஷ்ணன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ரஞ்சனி அவரையும் பார்த்தாள், சைக்கிளையும் பார்த்தாள், வந்தவர்களின் புழுதிக் கால்களையும் பார்த்தாள்.

"ஆமாங்க. வாங்க, உக்காருங்க, மோர் கொண்டு வரேன்" என்றாள். உள்ளே வந்து அவரிடம், "ஆடிட்டர்கிட்ட விக்கலைன்னு சொல்லிடுங்க. அவங்க ரோட்டையும் ஒரு நாலு ஞாயிறு நல்லாப் பார்த்துட்டு வாங்க" என்றாள்.

"கோயமுத்தூர்க்காரங்க சிரிப்பாங்க ரஞ்சனி."

"சிரிக்கட்டும். அடுப்புல பால் இருக்குது, பொங்கிடாமப் பாருங்க."

அவ்வளவுதான் சாமி. இருட்டுவதற்குள் ஊடு போய்ச் சேருங்கள். உங்கள் வாசல் வரைக்கும் வண்டி வரட்டும், வருகிற வண்டி நல்ல சேதியே கொண்டு வரட்டும். உங்கள் ஊட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் சுகமாகப் பெற்றெடுக்கட்டும், அடுப்பில் பாலும் ஊட்டில் ஆட்களும் குறையாமல், குடும்பம் ஆல்போல் தழைத்திருக்கட்டும்.