தேக்கு வட்டில் பூசிய எண்ணெய்

“ஏனுங்க அம்மணி, பாருங்க. ஒரு கரையான் அண்டியிருக்குதா?”

சத்தியமங்கலம் மர மில்லில் சாக்கை விலக்கிக் காட்டினார் பொங்கியண்ணன். போன வருஷம், தொண்ணூற்று மூன்றில், ஆடிக் காற்றில் விழுந்த கிழட்டுத் தேக்கு அது. அதன் அடிமரத்தில் குறுக்காக ஒரு வட்டு அறுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் ஆராய்ச்சி மாணவி அன்புக்கரசி. இரண்டு மாதம் கழித்து எடுத்துப் போக வந்திருக்கிறாள். வட்டு கறுப்பாய் மினுங்கியது.

“என்னங்கண்ணா பூசியிருக்கீங்க?”

“வேஸ்ட் ஆயிலுங்க. லாரி ஒர்க்‌ஷாப்புல சொல்லி வாங்கி, ரெண்டு பக்கமும் மூணு தடவ அடிச்சுப்போட்டேன். காலேஜு சாமானாச்சே!”

நகத்தால் சுரண்டினாள். உள்ளேயும் கறுப்புதான்.

“ஏனுங்க, மூஞ்சி செத்துப்போச்சு?”

“அண்ணா, இதுல முந்நூத்தி நாப்பது வளையம் இருக்குதுங்க. நடுவுல இருக்கறது முந்நூறு வருசத்துக்கு முந்தி, சூரியன் கரும்புள்ளி கொறஞ்சு அடங்கிக் கெடந்த வருசங்க. அப்ப ஆகாசத்துல ஒரு தினுசுக் கார்பன் கூடுதலா உண்டாகும். மரம் அந்தந்த வருசத்துக் கார்பனை அந்தந்த வளையத்துல வெச்சிருக்கும். அதை அளந்தா, சூரியன் அடங்கினப்ப நம்மூர் மழையும் அடங்குச்சான்னு வளையத்தோட அகலத்த வெச்சுப் பாக்கலாம்.”

“அதுக்கும் ஆயிலுக்கும் என்னங்க?”

“ஆயில்ல அந்தக் கார்பன் துளியும் கெடையாதுங்க. கலந்தா அளவு கொறஞ்சு காட்டும்.”

“கழுவிப்போட்டா?”

“முச்சூடும் போச்சுன்னு எப்படிச் சொல்றது? ஆயில் படாத துண்டு ஒண்ணு இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். மிச்ச மரம் எங்கீங்க?”

“சோமனூர் சுப்பண்ணன் ஊட்டு வாசக்காலுக்குப் போச்சுங்க. இருங்க, நானும் வாரேன்.”

சோமனூரில் கட்டி முடியாத புது வீடு. வாசக்காலை மட்டும் நிறுத்தி மஞ்சள் பூசியிருந்தார்கள். சுப்பண்ணன் சம்சாரம் தெய்வாத்தாள் முழுதும் கேட்டாள்.

“உள்பக்கமா ஒரு வெரல் அளவுதானுங்கக்கா. தெரியவே தெரியாது.”

“பூசை போட்ட வாசக்கால்ல உளி வெக்கறதா கண்ணு? நாளைக்கு ஊட்டுல ஆருக்காச்சும் காய்ச்சல் வந்தா உன்னையத்தான் நெனப்பேன். அப்படி நெனைக்க வெச்சறாத. காப்பி குடிச்சுப்போட்டுப் போ.”

குடித்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில், வாசக்கால் மேல்சட்டத்தின் வெட்டுமுகத்தில் வளையங்கள் சுத்தமாய்த் தெரிந்தன.

பஸ் ஸ்டாப்பில் பொங்கியண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“ஆயில் சமாச்சாரத்தச் சொல்லாம அனுப்பிப்போடுங்க அம்மணி. ஆருக்குத் தெரியப்போகுது?”

“தெரியாதுதானுங்க. லேப்புல ஒரு வருசம் காத்திருந்து இப்பத்தான் என் முறை வந்திருக்குது. பங்குனியோட என் ஆராய்ச்சிக் கெடுவும் முடியுது.”

“அப்பறமென்ன?”

“நம்மூர் மழையப் பத்தி நாளைக்கு ஆரு பேசுனாலும் இந்தக் கணக்கத்தானுங்கண்ணா காட்டுவாங்க.”

பையிலிருந்து லேப் படிவத்தை எடுத்து, மடியில் வைத்து எழுதினாள்: இஞ்சின் எண்ணெய் பூசப்பட்டது.

“இப்படி எழுதினா எடுத்துக்குவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப எம் பேரையும் எழுதுங்க. பொங்கியண்ணன் பூசிப்போட்டான்னு. நீங்க எதுக்குத் தல குனியோணும்?”

“பூசாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போனது நானுங்கண்ணா” என்றாள் அன்புக்கரசி.