படிப்பதற்கல்லாத ஓவியம்

வெள்ளிக்கிழமை மாலை தெஹ்ரானில் ஜஹான்கீரின் கண்காட்சி திறந்தது. ஓவியக்கூடத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். அவன் மனைவி நஸ்தரன் ஒரு கையில் தேநீரும் மறுகையில் கைபேசியுமாக நின்றாள். குளிர்காலத்தில் மலைவழியாகத் துருக்கிக்குப் போன மகன் பர்ஹாம் அவளோடு பேசி ஏழு மாதமாகிறது. அப்பாவின் பட்டறைக்கு மட்டும் போன் செய்கிறானாம்; ஜஹான்கீர்தான் வந்து சொல்வான். அம்மா குரலைக் கேட்டால் அழுதுவிடுவானாம். அதை நம்பித்தான் அவள் தொண்டையில் சோறு இறங்கிக்கொண்டிருந்தது.

நடுச்சுவரில் ஆளுயர ஓவியம். நீலமும் துருநிறமும் பூசிய துணியில், கையெழுத்துப் பழகுகிறவர்கள் தாளில் செய்வதுபோல, ஒரே வரியைத் திருப்பித் திருப்பி, நேராகவும் கவிழ்த்தும், இடமெல்லாம் கறுக்கும்வரை எழுதியிருந்தான்.

"என்ன எழுதியிருக்கு?" என்று நஸ்தரன் கூடத்தின் சொந்தக்காரி மலிஹேயிடம் கேட்டாள்.

"ஐயோ நஸ்தரன், இதைப் போய் யாராவது படிப்பாங்களா? எழுத்து ஆடுற ஆட்டத்தப் பாருங்க. முப்பது வருஷம் இவரோட குடித்தனம் பண்ணிட்டுக் கேக்குற கேள்வியா இது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நஸ்தரனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமும் அவன் எழுதும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தவள் அவள். அவன் கையெழுத்து அவளுக்குத் தலைகீழாகத்தான் பழக்கம். வீம்புக்கென்றே, கவிழ்ந்து கிடந்த வரிகளில் ஒன்றைக் கண்ணால் பிடித்தாள்.

'பர்ஹாமைப் புதைத்துவிட்டார்கள். அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?'

அடுத்த வரியும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். பின்னால் யாரோ, "ஆஹா, என்ன வேகம்!" என்றார்கள். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் கணவனின் சட்டையைப் பிடித்தாள்.

"எப்போ?"

அவன் ஓவியத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"எல்லையத் தாண்டின அன்னிக்கே. பனியில... கூடப் போனவன் போட்டோ காட்டினான்."

"போன வாரம்கூட நல்லா சாப்பிடுறான்னு சொன்னியே, பாவி!"

"சொல்ல வாய் வரல, நஸ்தரன்."

"எங்க இருக்கான்?"

"அந்தப் பக்கம்தான். ஆள் அடையாளம் தெரியாதவங்களப் புதைக்கிற இடத்துல."

"கல்லுல பேர் இருக்கா?"

"இல்ல. நம்பர்தான்."

நஸ்தரன் சுவரைக் காட்டினாள்.

"இங்க ஆயிரம் தடவ எழுதியிருக்கே அவன் பேர. அங்க போய் ஒரே ஒரு தடவ எழுத உனக்குக் கை வரலயா?"