ஆறு சிலிண்டர், ஓர் இருக்கை

லிப்ட் பழுதுபார்ப்பவர்களுக்குத் தமக்குத்தாமே பேசிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்தையும் சக்கரத்தையும் பார்த்தபடியே நாள் போகிறது. மேலே நிற்பவர்கள் கதவைத் தட்டி "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பதோடு சரி. எல்லோரும் லிப்ட்காரர் என்றே அழைத்த அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று மிஞ்சியது ஒரே தங்கை. வேறு நாட்டில் வேலை, கணவன், குழந்தைகள் என்று அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தவறாமல் போன் வரும்.

நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு காரில் வந்து நிற்கும். இருவர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையோடு படுத்த மாதிரியான பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் சேர்ந்து வாங்கியது. அதில் மூன்றாவது கியர் நிற்காது, நழுவிவிடும். அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கியர்க் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஏற்றத்தில் என்ஜினுக்கு மூச்சு வாங்கும்போது, "இறங்கித் தள்ளட்டுமா?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார்: "பெரிய என்ஜின் ஒண்ணு கியர்பாக்ஸோட கிடைச்சிருக்கு. ஆறு சிலிண்டர். மாத்திரலாம்னு பாக்குறேன்."

"மாத்திட்டுச் சொல்லு. நான் வந்து பக்கத்துல உக்கார்றேன். ஒரு மேடாவது தள்ளாம ஏறுதான்னு பாக்கணும்."

அன்று முதல் அவருக்குச் சொல்வதற்கு விஷயம் இருந்தது. பழைய என்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கிய கதை. ரேடியேட்டர் இடித்த கதை. பானட் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்ற கதை. ஒரே நாளில் முடிகிற வேலையை இரண்டு வாரத்துக்கு இழுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை வெறுமையாக இருக்கக் கூடாதல்லவா?

வெட்டி ஒட்டும் வேலைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வெல்டர் வந்துபோனார். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். வேலைக்கு இடைஞ்சல் என்று முதல் நாளே பக்கத்து இருக்கையைக் கழற்றியாகிவிட்டது. லிப்ட்காரர் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் இரண்டு மரக்கட்டைகள் மேல் வைத்தார். முதுகுக்கு இதமாக இருந்தது. அதில் உட்கார்ந்தே சாப்பிடலானார்.

என்ஜின் உறுமியது. கார் தெருவைச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு வந்த போனில் தங்கை சொன்னாள்: "ஆபீஸ் வேலையா அந்தப் பக்கம் வர்றேன். வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இல்ல. சீட்டைத் தொடச்சு வை."

போனை வைத்ததும் அவர் இருக்கையைத் தூக்கிக்கொண்டு போனார். அது உள்ளே இறங்கவே இல்லை. புதிய கியர்பாக்ஸ் தடித்தது. அதற்காக, நடுவில் அதை மூடியிருந்த தகரமேட்டைப் பக்கத்து இருக்கைப் பக்கமாக அகலப்படுத்தியிருந்தார்கள். போல்ட் துளைகள் வெல்டிங்குக்கு அடியில் போயிருந்தன. கால் வைக்கும் இடத்தில் பேட்டரி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பெடலை மிதித்துப் பார்த்திருந்தார். அந்தப் பக்கக் கதவை ஸ்பேனர் எடுக்கத்தான் திறந்தார்.

மறுநாள் வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏன்யா இப்படித் தள்ளி வச்ச?"

"நல்லாக் கேட்டீங்க! 'அங்க யாரு உக்காரப் போறா, தாராளமாத் தள்ளு'ன்னு சொன்னது யாருண்ணே? நானா?"

லிப்ட்காரருக்கு அது நினைவில்லை. ஆனால் தான் சொல்லக்கூடியதுதான் என்று தோன்றியது.

"பழைய என்ஜினையே திரும்ப மாட்டிட்டா?"

"அதைத் தாங்குற மவுண்டிங்க அறுத்து எறிஞ்சாச்சு. வியாழக்கிழமைக்குள்ள ஆகுற காரியமா இது?" வெல்டர் குரலைத் தணித்தார். "யாருண்ணே வர்றாங்க?"

"தங்கச்சி."

வெல்டர் உடனே ஸ்பேனரை எடுத்தார். பேட்டரியை டிக்கிக்கு மாற்றிக் கொடுத்தார். லிப்ட்காரர் தகரமேட்டின் மேல் ஒரு தலையணையைப் போட்டு, தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் தாடையில் இடித்தது. என்ஜினை ஓடவிட்டதும் அடியில் சூடு ஏறியது. இறங்கி, தலையணையை உதறி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். தங்கைக்கு விஷயத்தைச் சொல்லப் போனைக் கையில் எடுத்தார். சொன்னால் வராமல் இருந்துவிடுவாளோ என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை டாக்ஸியில் வந்து இறங்கினாள். முடியில் நரை கண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் இருக்கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணா, கார் சீட்டு உக்காந்து டிவி பாக்குது?"

அவர் அவளை ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினார். விளக்கம் தேவைப்படவில்லை. அவள் தகரமேட்டைக் கையால் தடவினாள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"நீ ஓட்டு." சாவியை நீட்டினார்.

"நீ வராமயா?"

"மேடு வரைக்கும் போய்ட்டு வா."

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அவர் வீட்டுக்குள்ளிருந்து இருக்கையைத் தூக்கி வந்து, காலியான ஷெட்டில் போட்டு உட்கார்ந்தார். தன் கார் ஓடிப்போகும் சத்தத்தை இதுவரை அவர் வெளியே இருந்து கேட்டதில்லை. இரண்டாவது கியர். மேடு தொடங்குகிறது. மூன்றாவது. மூச்சு வாங்காமல் ஏறியது. பிறகு சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது அவளுடைய ஒரு கை கியர்க் கம்பியின் மேலேயே இருந்தது.

"அதைப் பிடிக்க வேண்டாம். இப்ப நிக்கும்."

"தெரியும்," என்றாள். கையை எடுக்கச் சற்று நேரமானது.

டீ குடித்தார்கள். அவள் குழந்தைகளின் படங்களைக் காட்டினாள். டாக்ஸி வந்ததும் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "இந்த வாரம் என்ன பண்ணின?"

அவர் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பழைய என்ஜினைத் தொடச்சேன். அதையே திரும்ப மாட்டலாம்னு இருக்கேன். மவுண்டிங் புதுசாச் செய்யணும். தகரத்தையும் வெட்டி எடுக்கணும்."



"ரொம்ப நாள் ஆகுமா?"

"ஆகும்."

"ஆகட்டும். மெதுவாவே பண்ணு," என்றாள். பிறகு, "முதல்ல எதைக் கழட்டப் போற?" என்று கேட்டாள்.