எண் அறுநூற்றுப் பதிமூன்று

செடியைக் கேட்டால் உண்மை வரும், மனுஷரைக் கேட்டால் கதைதான் வரும் என்பது லென்ஸக்காவின் கட்சி. உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்தில் இருபது வருஷமாக, கண்ணில் லென்ஸை வைத்தபடி, வந்த செடிக்கெல்லாம் பெயர் கண்டுபிடிக்கிறவள். அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதில் அதிசயமில்லை.

அன்று மதியம் அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. செடி சேகரிக்கும் அண்ணன் காணாமல் போய் ஏழு வருஷம். இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரும் மனுவில் அண்ணி போட்டாயிற்று; தங்கையும் போட்டால் முடிந்தது. விடிவதற்குள் மலைக்குக் கிளம்பிவிட்டார் என்று அன்றைக்குச் சொன்னவளும் அண்ணிதான். லென்ஸக்காவுக்கோ மனசு ஒப்பவில்லை. உடம்பைப் பார்க்காமல் எப்படிப் போடுவது?

காலையில் அறையைத் திறந்தால் மேஜைமேல் ஒரு கட்டு. யார் வைத்தது என்று காவலாளியைக் கேட்டாள். சாவி உங்களிடம்தானே இருக்கிறது என்றார் அவர். நியாயமான பதில்தான்; அதனாலேயே பயமாக இருந்தது. உள்ளே செய்தித்தாளில் வைத்து அழுத்திய ஒரு கிளை. தாளின் தேதி போன செவ்வாய்க்கிழமை.

பயத்தை ஓரங்கட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். தடித்த இலை, அடியில் துருநிறச் செதில்கள். குட்டிக் குடத்தைக் கவிழ்த்தது போலப் பூ. ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தாள். மகரந்தத் தாள்கள் பத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு ஓட்டை. ஹீத் குடும்பம், மலைச்சரிவில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரானுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அலமாரியிலிருந்து நூறு வருஷத்து அட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல் அதேதான். அந்த ஒரு அட்டையைத் தவிர யாரும் எங்கும் பார்த்திராத செடி. அண்ணன் காலமெல்லாம் தேடித் திரிந்த செடி.

அதன் பிறகுதான் காம்பில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். சேகரிக்கிறவர்கள் தங்கள் செடிகளுக்கு வரிசையாக எண் போடுவார்கள். அண்ணனின் நோட்டு 612-இல் நின்றுபோயிருந்தது. சீட்டில் 613, அவருடைய கோணல் கையெழுத்தில்.

அண்ணன் உயிரோடு இருக்கிறார். சந்தோஷத்தில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. எந்தச் சீட்டையும் கடைசி வரி வரை படிக்காமல் விடாதவள், அன்று எண்ணோடு நிறுத்திவிட்டு அண்ணிக்குப் போன் போட்டாள். உடனே வாருங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணி அரை மணியில் வந்தாள். சீட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, மீதி வரிகளை அவள் தோளுக்கு மேலாக லென்ஸக்காவும் படித்தாள்.

இடம்: எங்கள் வீட்டுக் கொல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே நாலடி. மண்: ஆழமாகத் தோண்டி மூடியது.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்," என்றாள். "அங்க ஒரு புல்லுகூட முளைக்கல. நான்தான் தினமும் போய்ப் பாக்குறேனே."

லென்ஸக்கா அவளையே பார்த்தாள். இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட உறவு.

"எதுக்கு அண்ணி தினமும் பாக்குறீங்க?"

அண்ணியின் கண் வாசல் பக்கம் போனது. லென்ஸக்கா காவலாளியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள்.