ருசி பார்க்க ஒரு நாக்கு

கிறிஸ்துமஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் சபையில் அதற்கு முந்தைய நாற்பது நாளும் நோன்புக் காலம். அன்று மத்தியானம் எங்கள் மாடிப்படி முழுக்கப் பன்றிக்கறி வாசம் வீசியது.

நான் வேகவைத்த வெள்ளை பீன்ஸ் விதைகளை அடுப்பில் வெங்காயம் போட்டு மசித்துக்கொண்டிருந்தேன். நான் தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவன். நான்கு வாரமாக இறைச்சி, பால், முட்டை எதையும் தொடவில்லை. கதவிடுக்கு வழியாக வந்த வாசம் என் மூக்கைப் பிடித்து இழுத்தது. சிலுவை போட்டுக்கொண்டு கரண்டியை இன்னும் வேகமாகச் சுழற்றினேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

எதிர்வீட்டுப் பாந்தெலே அண்ணன் நின்றிருந்தார். டிராம் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியின் ஏப்ரனைக் கட்டியிருந்தார். கையில் ஒரு தட்டு. அதில் சின்னச் சின்னதாக நறுக்கி வாட்டிய பன்றிக்கறித் துண்டுகள்.

"லிசாந்த்ரு, இதுல ஒண்ணு வாயில போட்டு எப்படி இருக்குன்னு சொல்லு தம்பி."

"என்னண்ணே, நோன்பு நாள்ல எங்கிட்ட வந்து கறியை நீட்டுறீங்க?"

"எனக்கும் நோன்புதான். அதனாலதான் உங்கிட்ட வந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நோன்பு இருக்கிறார், நானும் நோன்பு இருக்கிறேன், பிறகு கறி யாருக்கு?

"அவுரிகாவுக்கு" என்றார். அவர் மனைவி. இலையுதிர் காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வாரம்தான் பாதி ஆளாக வீடு திரும்பியிருந்தாள். எதையும் சாப்பிட மறுத்தாள். புது வருடத்துக்குள் எடை ஏறினால்தான் அடுத்த சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று அவளாகவே வாய் திறந்து, மொறுமொறுவென்று பன்றிக்கறி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எண்ணெயில் பொரித்தால் அவள் வயிறு தாங்காது. இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய, சூடான காற்றிலேயே பொரிக்கும் ஏர் ஃப்ரையர் பிரிக்காமல் அலமாரி மேலேயே இருந்தது. அதை இறக்கி, வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் சமைத்திருக்கிறார்.

"ஒரு துண்டு கடிச்சா. பஞ்சு மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளிட்டா" என்றார். "இப்ப எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும் தம்பி. கறி நல்லா இல்லையா, இல்ல அவ நாக்கு செத்துப்போச்சா? கறின்னா திருத்திக்கலாம். நாக்குன்னா நான் எங்க போவேன்?"

"நீங்களே ஒரு துண்டு தின்னு பாக்கக் கூடாதா?"

"அவ பொழைச்சு வரணும்னு நேந்துக்கிட்டு இருக்கிற நோன்பு இது. இதை எப்படி முறிப்பேன்? பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு, அவ பேரைச் சொல்லியே முறிக்கிறதா?"

அண்ணன் கீழ்வீட்டு லாரிக்காரரிடம் ஏற்கெனவே போயிருக்கிறார். அவரும் கடும் நோன்பு என்று சொல்லிவிட்டாராம். "மீசையில முட்டை மயோனைஸ் ஒட்டியிருந்துச்சு. நான் என்ன சொல்ல முடியும்? நல்லபடியா நோன்பு இருங்கன்னு சொல்லிட்டு ஏறி வந்துட்டேன்."

நான் யோசித்தேன். நோயாளிக்கு நோன்பு இல்லை. நோயாளிக்காக ருசி பார்க்கிறவனுக்கு? எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு வரி இருந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் அண்ணன் தட்டை இன்னும் என்னிடம் நீட்டியபடியே நின்றார். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டேன்.

என்னவென்று சொல்வேன்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அமிர்தமா இருக்குண்ணே" என்றேன்.

அவர் முகம் இருண்டது. "அப்ப நாக்குதான்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. "இருங்க இருங்க. நாலு வாரமா பீன்ஸ் தின்ன வாய் இது. செருப்பை வாட்டிக் கொடுத்தாலும் எனக்கு அமிர்தமாத்தான் இருக்கும். என் பேச்சை நம்பாதீங்க."

"அப்ப கறி நல்லா இல்லையா?"

"தெரியலையே."

"நல்லா இருக்கா?"

"அதுவும் தெரியலையே அண்ணே."

இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். நோன்பு இருக்கிறவனின் நாக்கு சாட்சிக்கு உதவாது. நோன்பு இல்லாதவன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். இந்தக் கட்டடத்தின் இருபது வீடுகளில் ஒரு நேர்மையான நாக்குக்கு எங்கே போவது?

மேலேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. அக்ரிப்பினா அக்கா இறங்கி வந்தாள். பீடத்துக்குப் பூ வைப்பது, மெழுகுவர்த்தி வாங்குவது, யார் எத்தனை ஞாயிறு வரவில்லை என்று பாதிரியாரிடம் சொல்வது எல்லாம் அவள்தான். போன வருடம் நோன்பில் ஒரு பெண் பிஸ்கட் தின்றதைக்கூடக் கண்டுபிடித்தவள். என் வாயோரம் ஒட்டியிருந்த கொழுப்பைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

"வாசம் அஞ்சாவது மாடி வரைக்கும் வருது. யாரு வீட்டுல?" என்றாள்.

பாந்தெலே அண்ணன் மறைக்கவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சு, நாக்கு, நேர்ச்சை, அமிர்தம், செருப்பு. சொல்லி முடிப்பதற்குள் மேலேயும் கீழேயும் இரண்டு மூன்று கதவுகள் விரல் அகலத்துக்குத் திறந்ததை நான் கவனித்தேன்.

அக்கா திறந்த கதவுகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வழக்கத்தைவிட உரத்த குரலில், "தட்டை இங்க குடு. நான் முந்தாநாள் சாசேஜ் தின்னேன். என் நாக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

மேலே ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அவள் ஒரு துண்டை மென்றாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் மென்றாள். அண்ணன் அவள் வாயையே பார்த்தார்.

"இதுல உப்பு எங்க?"

"போட்டேனே. உப்பு, பூண்டுப் பொடி, சிவப்பு மிளகாய்ப் பொடி, எல்லாம் அளந்து போட்டேன்."

"எங்க போட்ட? வா, காட்டு."

மூவரும் அவர் சமையலறைக்குப் போனோம். அக்கா ஏர் ஃப்ரையரின் கூடையை இழுத்துப் பார்த்தாள். அடியில் சிவப்பாக ஒரு மண்மேடு. குனிந்து உள்ளே மேல்பக்கம் எட்டிப் பார்த்தாள். விசிறிக்கு முன்னால் இருந்த கம்பியெல்லாம் சிவப்பு.

"எண்ணெய் விட்டியா?"

"எண்ணெய் வேண்டாம்னு டப்பா மேல போட்டிருக்கே. துணியில கறியை நல்லாத் துடைச்சு, காய வச்சு, பொடியைத் தூவினேன். ஒரு சொட்டு விடல."

"அட மனுஷா. உள்ள விசிறி சுத்துது. காஞ்ச கறியில காஞ்ச பொடி எப்படி ஒட்டும்? நீ போட்ட மசாலா எல்லாம் மெஷினுக்குத்தான் போயிருக்கு. ஒரு கிலோவை ஒண்ணா வேற திணிச்சிருக்க. கறி மொறுமொறுன்னு ஆகாம அவிஞ்சு கிடக்கு. அவுரிகா சொன்னது சரி. பஞ்சுதான்."

பாந்தெலே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "கறி கேவலமா இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்பக் கேவலம்."

"கடவுளே, உமக்கு நன்றி" என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். கெட்ட சமையலுக்காக ஒருவர் கடவுளுக்கு நன்றி சொல்லி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஃபிரிட்ஜில் மீதியிருந்த பச்சைக் கறியை எடுத்து அக்கா நறுக்கினாள். ஒரு கரண்டி பன்றிக்கொழுப்பை உருக்கி, உப்பும் பூண்டும் மிளகாய்ப் பொடியும் குழைத்துத் துண்டுகளில் தேய்த்தாள். அரைமணி நேரம் ஊறட்டும் என்றாள். அண்ணன் மனைவியைப் பார்க்க உள்ளே போனார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அக்கா, நெஜமாவே சாசேஜ் தின்னீங்களா?"

"உனக்கெதுக்கு?"

"இல்ல, நீங்க ஆலிவும் ரொட்டியும் மட்டும்தான்னு ஊரே சொல்லும். எனக்குக் குழப்பமா இருக்கு."

"தின்னிருந்தா தின்னேன்னு பாதர்கிட்ட சொல்லுவேன். தின்னலைன்னா பொய் சொன்னேன்னு சொல்லுவேன். எப்படியும் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. நீ போய் உன் பீன்ஸைப் பாரு, தீயப்போகுது."

பீன்ஸ் தீய்ந்துதான் போயிருந்தது; அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் தின்றாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தின்றிருந்தால், இருபது வருடமாகச் சேர்த்த நல்ல பெயரை ஒரு மாடிப்படியில் கொட்டிவிட்டாள். தின்னாமல் இருந்தால், அந்தப் பெயரோடு நோன்பையும் சேர்த்துக் கொட்டிவிட்டாள். எது பெரியது என்று கடவுள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அவருக்குக்கூட அது அவ்வளவு சுலபமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் கூடையில் பரப்பி, பாதி நேரத்தில் ஒருமுறை குலுக்கி, இருபது நிமிடத்தில் எடுத்தாள். இந்தமுறை தட்டில் போடும்போதே கலகலவென்று சத்தம் கேட்டது. மூவருமாகப் படுக்கையறைக்குக் கொண்டுபோனோம்.

அவுரிகா தலையணையில் சாய்ந்திருந்தாள். எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்து, "என்ன, பூசைக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது. மெதுவாக மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு கரிக்குது."

அண்ணன் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "நெஜமாவே கரிக்குதா? இல்ல, இவ நாக்குதான் அப்படிச் சொல்லுதா?"

அக்ரிப்பினா அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நாங்கள் காத்திருந்தோம்.

"கரிக்குது" என்றாள். "கை தவறிக் கூடப் போட்டுட்டேன்."

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மனைவியின் காலைப் போர்வையோடு பிடித்துக்கொண்டார்.  அவுரிகா இன்னொரு துண்டை எடுத்தாள்.

"உப்பு கரிக்குதுன்னியே" என்றார்.

"கரிக்குதுதான். அதுக்காகக் கறியை விட்டுடுவாங்களா? போய்த் தண்ணி கொண்டாங்க."